என் சோளம் நன்றாக விளைந்த குற்றம்

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது. என் சோளத்துக்கு வாங்கிய சான்றிதழை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். இந்தக் காட்டில் ரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, விளைவதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் காடு உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிறது, மழையை நம்பிய காடு. வீட்டுக்காரர் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்குப் போகிறவர். விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். விவசாயம், சண்டை இரண்டும் என் பொறுப்பு.

சான்றிதழ் கொடுக்கிற அமைப்பிலிருந்து வருஷாவருஷம் ஓர் ஆய்வாளர் வருவார். சாக்கை மோந்து பார்ப்பார், குப்பைக்குழியைக் கிளறிப் பார்ப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவமாட்டார்கள். ஒருமுறை, "பக்கத்துக் காட்ல மருந்து அடிச்சா காத்துல இங்க வருமாம்மா?" என்று கேட்டார். "அதைக் காத்துக்கிட்டதான் சார் கேக்கணும்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. வரப்போரமாக ஒரு பட்டை நிலத்தை ஒதுக்கிவிடச் சொன்னார். அதில் விளைவதை இயற்கைச் சோளத்தோடு சேர்க்கக் கூடாதாம்.

பக்கத்துக் காடு என் கொழுந்தனாருடையது. வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டியதும் நான் வரப்பில் போய் நின்றுகொள்வேன். "காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து அடிங்க!" என்று கத்துவேன். "காத்து உங்களுக்குப் பயந்து இங்கிட்டுத்தான் மதினி வருது" என்பார். என் சோளத்துக்கு 'சாமியார் சோளம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒன்றும் தின்னாதாம், குடிக்காதாம், சும்மா நின்று ஆசீர்வாதம் மட்டும் பண்ணுமாம். ஊர் முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பயிர்க் காப்பீடு போட இ-சேவை மையத்துக்குப் போனபோது, "இயற்கை விவசாயத்துக்குத் தனியா எதும் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் கணினியில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "சோளம்னுதான்க்கா இருக்கு. நல்ல சோளம், கெட்ட சோளம்னு எல்லாம் இல்ல" என்றார். ஆய்வாளர் வருஷக்கணக்காக மோந்து மோந்து பிரித்து வைத்ததைக் காப்பீட்டுக்காரர்கள் ஒரே நொடியில் கலந்துவிட்டார்கள். விற்கும்போது அது வேறு சோளம், கருகும்போது ஊர்ச் சோளம்.

அதைவிடக் கூத்து, இழப்பீட்டுக்குக் கணக்குப் பார்க்கிற முறை. அவரவர் காட்டில் என்ன போயிற்று என்று யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். ஊரில் சில காடுகளைக் குலுக்கல் மாதிரி பொறுக்குவார்கள். அந்தக் காட்டில் ஒரு சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற கதிரை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். சராசரி எடை வழக்கமான விளைச்சலைவிடக் குறைந்தால் ஊருக்கே நஷ்டம், எல்லோருக்கும் இழப்பீடு உண்டு. குறையாவிட்டால் ஊரில் ஒருவருக்கும் நஷ்டமே இல்லை. நாலு பேரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்கும் காய்ச்சல் கிடையாது என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரிதான்.

அந்த வருஷம் விதைப்பு முடிந்த பிறகு மழை எட்டிப் பார்க்கவே இல்லை. ஊரில் யூரியா போட்ட காடெல்லாம் மஞ்சளாகிக் கருகியது. என் காட்டில் பாதி போயிற்று, பாதி நின்றது. சோளத்துக்கு ஊடே விதைத்த மொச்சை தரையை மூடியிருந்தது. பல வருஷமாகக் கொட்டிய மாட்டுக்குப்பை இருந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காரணமே இல்லாமல் ஊர் நடுவில் நடந்து போனேன். ஒரு ஜீவன் கேட்கவில்லை.

பிறகு கேட்டார்கள். எடை போடப் பொறுக்கிய காடுகளில் என் காடும் ஒன்று என்று தெரிந்த அன்றைக்கே வாசல் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். "அத்தாச்சி, உங்க சோளம் ரொம்ப நல்லாருக்கு" என்றார் ஒருவர், துக்கம் விசாரிக்கிற குரலில். ஊர் என் சோளத்தைப் பாராட்டியது அன்றைக்குத்தான், அதுவும் புகாராக. மற்ற காடுகளில் ஒன்றும் இல்லை, என் காட்டு எடை ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும் என்று ஆளாளுக்கு விளக்கினார்கள். "பேசாம ஆட்டை உள்ள பத்தி விட்ருவோம், ஒரு பொழுது மேஞ்சாப் போதும்" என்று இன்னொருவர் யோசனை சொன்னார். "ஆடு வீடு திரும்பும், பத்திக்கிட்டு வந்தவன் திரும்பமாட்டான்" என்றேன்.

அவர்களுக்குப் புரியாத சங்கடம் ஒன்றும் எனக்கு இருந்தது. என் காட்டில் ஒன்றும் விளையவில்லை என்று அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டால், நான் விற்கிற சோளம் எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் கேட்பார். வெளியில் வாங்கிக் கலந்துவிட்டேன் என்று சான்றிதழைப் பிடுங்கிவிடுவார்கள். விளைந்தால் ஊருக்குத் துரோகி, விளையாவிட்டால் கலப்படக்காரி. நல்ல பிழைப்பு!

எல்லோரும் போன பிறகு கொழுந்தனார் மட்டும் நின்றார். அன்றைக்குக் கிண்டல் எதுவும் இல்லை.

"மதினி, நான் ஆட்டை விடச் சொல்லல. எனக்கு இருக்குறது ரெண்டு கறவை மாடு. காட்டுல ஒண்ணுமில்ல, தீவனம் வாங்க வழியில்ல. இழப்பீடு வந்தா மாட்டை வச்சுக்குவேன், வரலைன்னா வித்துருவேன். அம்புட்டுத்தான்."

"எங்கையில என்ன இருக்கு? கயிறு விழுகிற எடத்துலதான அறுப்பாக" என்றேன். சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை. ஆய்வாளர் ஒதுக்கச் சொன்ன வரப்போரப் பட்டையில் பயிர் நோஞ்சானாகத்தான் நின்றது. கயிறு அங்கே விழட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன்.

அளவெடுக்கிற அலுவலர் கயிறும் தராசும் கைபேசியுமாக வந்தார். கைபேசி காட்டுகிற இடத்தில்தான் கயிறு கட்ட வேண்டுமாம். அந்தப் பாழாய்ப்போன கைபேசி அவரை நேரே நடுக்காட்டுக்கு, கதிர் நன்றாகப் பிடித்திருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. பின்னால் வந்த ஊர்ச்சனம் மொத்தமும் என்னைப் பார்த்தது, கைபேசிக்கு நான்தான் சொல்லிக் கொடுத்த மாதிரி.

தார்ப்பாயை விரித்துக் கதிர் அடிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள். எல்லோர் வீட்டிலும் காப்பீடு போட்டிருந்தார்கள். கொழுந்தனார் பெண்சாதியும் அதில் இருந்தாள். கம்பை ஓங்குவார்கள், இறக்கும்போது பச்சைப்பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இறக்குவார்கள். சோளம் கதிரைவிட்டு அசையவே இல்லை. நான் கண்டும் காணாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். சான்றிதழ் போனால் போகட்டும், மாடு நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சும்மா நின்றிருக்கலாம் அந்த அலுவலர். தார்ப்பாயில் கிடந்த கொஞ்சூண்டு சோளத்தைக் காலால் காட்டி, "இயற்கை விவசாயம்னா இம்புட்டுத்தாம்மா வரும். எத்தன காடு பாத்திருக்கேன்! ஆசைக்கு ஒரு மூலைல வச்சுக்கிட்டு, மிச்சத்துல ஒழுங்கா உரத்தப் போட்டுப் பொழைக்கிற வழியப் பாருங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. "தள்ளுங்கடி!" என்று பாய்ந்து பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினேன். "இம்புட்டுத்தான் வருமா? நல்லாப் பாருங்க!" அடித்த அடியில் சோளம் தெறித்து அலுவலரின் சட்டைப்பைக்குள் விழுந்தது. ஒரு கதிரில் ஒரு மணி விடவில்லை. நானே தூற்றினேன், நானே அள்ளித் தராசில் கொட்டினேன். "அட, பரவாயில்லையேம்மா!" என்றார் அவர். நான் நிமிர்ந்து ஊரைப் பார்த்தேன். கொழுந்தனார் பெண்சாதி சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஊருக்கு இழப்பீடு வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, கருகிப்போன என் பாதியை விளைந்த பாதி விழுங்கிவிட்டது. ஆய்வாளர் மட்டும் வந்து பார்த்து 'மிகவும் திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார். கடைகண்ணிக்குப் போனால் பேச்சு நின்றது. நான் என்ன களவாண்டேனா? விளைந்ததை விளைந்தது என்று காட்டினேன். ஒரு காட்டைக் கொண்டு ஊர் வயிற்றையே அளக்கிற கிறுக்குச் சட்டத்தைப் போட்டவனை விட்டுவிட்டு என்னை எதற்கு முறைக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சோத்தப் போடு" என்றார்.

அறுப்பு முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை நேரம் கொழுந்தனார் வீட்டு முன்னால் குட்டியானை வண்டி நின்றது. மாட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விலா எலும்பு தெரிய, ஏற மாட்டேன் என்று கால்களை ஊன்றிக்கொண்டு நின்றது ஒன்று. அதைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. என் காடு முழுக்க மாடு தின்கிற சோளத்தட்டை கிடக்கிறது. வெயிலில் மண் காயக் கூடாதென்று பரப்பி விட்டிருந்தேன். வரப்புக்கு இந்தப் பக்கம் மண்ணுக்குப் போர்வை, அந்தப் பக்கம் மாட்டுக்குப் பட்டினி. அடிப்பாவி, உனக்குக் கண் எங்கே போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

"எறக்குங்க கொழுந்தனாரே! எங்காட்டுல தட்டை கெடக்கு, அம்புட்டையும் அள்ளிக்கங்க."

"கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிட்டேன் மதினி."

"கண்ணு முன்னால கெடந்துச்சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் மாட்டுக் கயிற்றை வண்டிக் கம்பியில் இறுக்கி முடிந்தார். "கேக்கலாம்னு வரப்பு வரைக்கும் வந்தேன் மதினி. அதை அள்ளுனா ஒங்க சர்டிபிகேட்டுக்கு எதுவும் ஆயிருமோன்னு திரும்பிட்டேன்" என்றார்.