காதுவண்டிக்காரர்

அந்தத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. காதுவண்டிக்காரர் என்றால்தான் தெரியும். எல்லாம் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளால் வந்தது. மற்ற வண்டிகளில் எஞ்சின் சிலிண்டர் இரண்டு காலுக்கும் நடுவே அடக்க ஒடுக்கமாக நிற்கும். இதிலோ இரண்டு சிலிண்டர்கள் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, யாரோ ரெண்டு காதையும் பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி இருக்கு” என்றாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வண்டியின் பின்னால் உட்காரவும் தெம்பில்லை. அவர் வந்த வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இரும்புக் குழாயும் தகடுமாக, ஒரு ஆள் உட்காரத் தனிச் சக்கரத்தோடு ஒரு சைடுகார் செய்து இடப்பக்கம் பூட்டினார். அவள் அதற்கு வைத்த பெயர் தொட்டி. குளிர்நாட்களில் இடது சிலிண்டர் பக்கம் கையை நீட்டிக்கொண்டே போவாள்.

“உங்களைவிட இது தேவலை. கேக்காமலே சூடு தருது” என்பாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மரை தேய்ந்துபோன வலது சிலிண்டரின் பிளக் டப்பென்று தெறித்து எங்கேயோ விழுந்தது. வண்டி விக்கி நின்றது. கைகாட்டியும் ஒரு வண்டி நிற்கவில்லை. அவளுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“ஒத்தைக் காதுல போகுமா?” என்று கேட்டாள்.

“போகும். ஆனா நடக்கிற வேகந்தான்.”

அந்தப் பக்கத்துப் பெட்ரோல் குழாயை அடைத்து, ஒயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டினார். மேட்டில் வண்டி திணறியபோது இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி கூடவே நடந்து தள்ளினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாமதத்துக்குச் சத்தம் போட்டாள்.

“பாதி வண்டியிலதான் வந்திருக்கோம்மா. திட்டுறதையும் பாதியா திட்டு” என்றாள் மனைவி. நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தாள். ஒரு மதியம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கையில் ஊசியோடு கண்ணயர்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பின்னும் அவர் அழவில்லை. மகளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆளில்லாத தொட்டி வளைவுகளில் தூக்கியடித்தது. பாரத்துக்கு மணல்மூட்டை வைத்துப் பார்த்தார். அவள் உட்கார்ந்த இடத்தில் மூட்டையைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, தனி வண்டியில் கிளம்பினார்.

சைடுகார் பூட்டிய வண்டி சாயாது. ஹேண்டிலை இழுத்துத்தான் திருப்ப வேண்டும். தனி வண்டியோ சாய்ந்தால்தான் திரும்பும். அத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தெருமுனையிலேயே கை ஹேண்டிலை இழுத்தது. வண்டி கவிழ்ந்தது. துருத்திய சிலிண்டர் தரையில் ஊன்றிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, அதன் பின்னால் இருந்த இடைவெளியில் அவர் கால் கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

பேப்பர் கடைக்காரர் ஓடிவந்து வண்டியை நிமிர்த்தினார். “கால் போச்சா அண்ணே?”

“கால் நல்லாத்தான்பா இருக்கு” என்றார். சொல்லும்போதே உதடு கோணியது. நடுத்தெருவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். எலும்பு முறிந்திருக்கும் என்று நினைத்து யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். தகவல் கேட்டு வந்த மகள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒருநாள், “தொட்டியை மறுபடி மாட்டிடலாமாப்பா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. பழகிக்கணும்.”

விடுமுறை நாட்களில் ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் அவர் ஓட்ட, மகள் பின்னால் உட்கார்ந்தாள். “சாயுங்கப்பா. நானும் கூடவே சாயறேன்” என்பாள். முதலில் அவர் தோள் மட்டும் சாய்ந்தது. வண்டி சாய இன்னும் சில வாரம் ஆயிற்று.