அஞ்சலை ஆஸ் வெல் ஆஸ் தேசம்மா

மந்தைவெளியில் ரயில் ஏறிய பெண் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள். எதிரில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் மட்டும் இழுத்து முகர்ந்தேன். நகலெடுப்பதற்காக டைப் அடிக்கும் மெழுகுத்தாளில், அதாவது ஸ்டென்சிலில், தவறாக விழுந்த எழுத்தை அடைக்க, சின்ன சீசாவில் ரோஸ் நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். அதே வாடை. எழுபதுகளின் தொடக்கத்தில், தேனாம்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த எங்கள் அலுவலகம் முழுக்க அந்த வாடைதான். சீசாவைச் சீக்கிரம் காலி செய்ய வைத்தவன் நான்.

காரணம் ஆங்கில இலக்கணம். எழுவாய் ஒருமையா பன்மையா, வினை அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் எனக்கு அரிசியில் கல் பொறுக்கும் புத்தி. நியூஸ் என்றால் இஸ். சிஸர்ஸ் என்றால் ஆர். ஈச் வந்துவிட்டால் பின்னால் ஆயிரம் பேர் நின்றாலும் இஸ். பிரெட் அண்ட் பட்டர் இரண்டு பொருளானாலும் ஒரே பலகாரம், ஆகவே இஸ். அப்படியானால் இட்லி சாம்பாருக்கு என்ன விதி என்று லஸ் முனை ஓட்டலில் நண்பர்களோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது பரிமாறுபவர் வந்தார். "சாம்பார் மேலயே ஊத்தட்டுமா, தனியாவா?" மேலே ஊற்றினால் ஒருமை, கிண்ணத்தில் வந்தால் பன்மை என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்படிப்பட்டவன் கையில் சர்க்கார் பேனாவைக் கொடுத்திருக்கக் கூடாது.

ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடியில் வீடு ஒதுக்கும் ஆணைகள் எங்கள் பிரிவில்தான் தயாராகும். அஞ்சலை அக்கா, தேசம்மா தங்கை. ஒட்டினாற்போல் இரண்டு குடிசை, இரண்டு குடும்பம். நேரில் போய் விசாரித்த இன்ஸ்பெக்டர், இருவருக்கும் தனித்தனி வீடு என்ற எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்: "அஞ்சலை ஆஸ் வெல் ஆஸ் ஹர் சிஸ்டர் தேசம்மா ஆர் எலிஜிபிள் ஃபார் அலாட்மென்ட்." ஸ்டென்சிலும் அடித்தாகிவிட்டது. அந்த ஆர் என் கண்ணை உறுத்தியது. ஆஸ் வெல் ஆஸுக்குப் பின்னால் வருகிறவரை வினை திரும்பிப் பார்க்காது. முதல் ஆள்தான் எழுவாய். இஸ் போடச் சொன்னேன்.

டைப்பிஸ்ட் மைதிலி மயிலாப்பூர்க்காரி. "மூணு எழுத்தை அழிச்சுட்டு ரெண்டு எழுத்தா? பல்லு விழுந்தாப்ல ஓட்டை தெரியுமே சார். விட்டுடுங்கோளேன், யார் கவனிக்கப்போறா?"

"நான் கவனிப்பேன்" என்றேன்.

ஒதுக்கீட்டுப் பிரிவும் கவனித்தது. இஸ் என்றால் ஒருவர். ஒருவருக்கு ஒரு வீடு. அதை அஞ்சலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மனு வாங்கும் திங்கட்கிழமை தேசம்மா ஆணையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், எம் பேரும் இதுல கீதாமே. வூடு மட்டும் இல்லன்றாங்க?"

"பேர் இருக்கும்மா. ஆனா வாக்கியம் உங்க அக்காவைத்தான் சேரும்."

"அப்போ நான் இன்னா, அக்காவுக்கு வாலா?"

"அது கிராமர்மா."

"கிராமரா? எந்த ரூம்ல குந்திகினு கீறாரு? காட்டு, நான் பேசிக்கிறேன்."

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். படிக்கத் தெரியாத அவள், கதவுகளில் இருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வை தாங்காமல், பிழைதிருத்தம் வெளியிடலாமா என்று கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன்.

"இஸ் தப்பா?"

"இல்ல சார், சரிதான்."

"சரியா இருக்கறதுக்கு எதுக்குய்யா பிழைதிருத்தம்?"

வழி இருந்தது. எல்லா வழியும் எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் சொல்லவந்ததை என் திருத்தம் மாற்றிவிட்டது என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினால், மறுபடி எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். என் தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமாக அப்போது நான்கு மாதம் இருந்தது. நான் எழுதவில்லை.

தேசம்மா இன்னும் இரண்டு திங்கட்கிழமை வந்தாள். கடைசி முறை என் பக்கம் திரும்பவே இல்லை. மைதிலியிடம்தான் கேட்டாள்: "கிராமரு இன்னிக்காவது வந்துகீறாரா, கண்ணு?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கரையைக் காலி செய்தபோது அக்கா அடுக்குமாடிக்குப் போனாள். தங்கையை, ஆணை இல்லாத மற்றவர்களோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கோ இறக்கிவிட்டதாகக் கேள்வி. எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

இன்று ஸ்டென்சில் இல்லை, டைப்பிஸ்ட் இல்லை. அந்த மாடியில் ஒரு ஜவுளிக்கடையின் கிடங்கு இருக்கிறது. ஆஸ் வெல் ஆஸுக்கு ஆர் போட்டால் இப்போது யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆணைகளும் தமிழில் வருகின்றன. 'அஞ்சலையும் தேசம்மாவும்' என்று அன்றைக்கே எழுதியிருந்தால், இரண்டு 'உம்' இரண்டு வீட்டை வாங்கிக் கொடுத்திருக்கும். குடிசைகள் இருந்த கரையில் கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோப்பும் இல்லை. தேசம்மா கைநாட்டு வைத்த மூன்று மனுக்களும் அதில்தான் இருந்தன. கோப்பை முடிக்கும்போது, எத்தனை காலம் வைத்திருந்து அழிக்கலாம் என்று மேலட்டையில் குறிப்பது எழுத்தரின் பொறுப்பு. இருப்பதிலேயே குறைந்த காலத்தைக் குறித்தேன். விதிப்படி அதுவும் சரிதான்.