நான்காவது பந்து

லீலண்ட் ஓப்சால் பிரெய்ரி லாண்டிங் ஊரின் படகோட்டிகள் என்ற பேஸ்பால் அணிக்காகப் பதினைந்து பருவங்கள் பந்தெறிந்தார். 1968 முதல் 1982 வரை 611 ஆட்டங்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் தொடங்கியதில்லை. வேறொருவர் தொடங்குவார், களைத்துப் போவார், தளங்களில் எதிரணி ஓட்டக்காரர்களை நிறுத்திவிட்டு வெளியேறுவார். அதன் பிறகு வலது வேலியோரப் பெஞ்சிலிருந்து எழுந்து வருவதுதான் லீலண்டின் தொழில். அப்படி மற்றவர்கள் விட்டுப்போய் அவர் தலையில் விழுந்த ஓட்டக்காரர்கள் 704 பேர். அவர்களில் 583 பேர் ஓட்டம் எடுக்காமலே திரும்பினார்கள். அச்சிட்ட ஆட்டப் புத்தகத்தில் இந்தக் கணக்குக்கு இடமே கிடையாது. ஆட்டம் ஆட்டமாகப் பின்னோக்கிப் புரட்டிக் கூட்டினால்தான் இந்த எண் கிடைக்கும். கூட்டி முடித்தவர் நம்பாமல் இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பார்.

பெரிய லீகிலிருந்து அவருக்கு ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் ஏப்ரலில் ஒரு பையோடு வந்து செப்டம்பரில் அதே பையோடு போய்விடுவார்கள். லீலண்ட் மைதானத்துக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்தவர். குளிர்காலத்தில் தானியக் கூட்டுறவில் மக்காச்சோள லாரிகளை எடை போடுவார். தோற்ற மறுநாள் வெளியூர்க்காரர்களுக்கு பஸ் இருந்தது. இவருக்கு ரொட்டிக்கடை வரிசை இருந்தது.

1971 செப்டம்பர் 5, ஞாயிறு. பருவத்தின் கடைசி ஆட்டம், வென்றால் லீகின் பட்டக் கொடி. ஊர் அந்தக் கொடியைப் பார்த்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரு அணிக்கும் மூன்று ஓட்டங்கள், மூன்று தளங்களிலும் ஆள். லீலண்டை அழைத்தார்கள். பேட்டுக்காரன் வீசாமல் விட்ட நான்கு பந்துகள், அவன் மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவே வராமல் தவறிப் போனால் அவன் சும்மா முதல் தளத்துக்கு நடக்கலாம். தளங்கள் நிறைந்திருந்தால் ஓர் ஓட்டமும் தானாக உள்ளே வரும். லீலண்டின் மூன்று பந்துகள் தவறின. நான்காவது, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே போயிற்று. பேட்டுக்காரன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். அந்த ஓர் ஓட்டத்தில் கொடி போயிற்று.

விதிப்படி அந்தத் தோல்வி லீலண்டுடையது அல்ல. ஓட்டம் எடுத்தவனைத் தளத்தில் ஏற்றியது முந்தைய பிட்சர், அதாவது லீலண்டுக்கு முன் பந்தெறிந்தவர். ஆகவே தோல்வியும் அவர் பெயரில்தான் ஏறியது. புத்தகம் லீலண்டைக் குற்றமற்றவர் என்றது. ஊர் புத்தகம் பார்க்கிற ஊர் அல்ல.

இறைச்சிக்கடை ஆரின் ஹேகன் அந்த வாரமே தொடங்கிவிட்டார். லீலண்ட், மனைவி மார்னா, இரண்டு பெண்கள் என்று வீட்டில் நான்கு பேர். லீலண்ட் நான்கு பன்றித் துண்டுகள் கேட்டார். ஆரின் மூன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு கேட்டேன், ஆரின்."

"நாலாவது வேண்டாம்ப்பா. அதைக் கொண்டுபோய்க் கீழ போட்டுடுவே."

கடையில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். லீலண்டும் சிரித்தார். அன்றுமுதல் அவர் நான்கு என்ற சொல்லை அந்தக் கடையில் உச்சரிக்கவில்லை. ஐந்து கேட்பார். ஐந்தாவது துண்டை ஒன்பது வருடங்கள் ஓப்சால் வீட்டு நாய்கள் தின்றன. ஒன்று செத்து அடுத்தது வந்து அதுவும் தின்றது.

"இன்னும் எத்தனை வருஷம்தான் இப்படி?" என்று மார்னா ஒருமுறை கேட்டாள்.

"ஒரு கொடி வர்ற வரைக்கும்."

"வேற கடைக்குப் போகலாமே!"

"அங்க போனா பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

1980 ஆகஸ்ட் 31, மறுபடி ஞாயிறு, மறுபடி கடைசி ஆட்டம், மறுபடி வென்றால் கொடி. மைதானத்தில் 2,914 பேர். லீலண்டுக்கு வயது முப்பத்தைந்து. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எறிந்திருந்தார். ஞாயிறு காலை வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மார்னா போட்டுவிட்டாள்.

மேனேஜர் வெர்ன் டக்கெட் அவர் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு நீ பெஞ்சுல உக்காந்து விதையைக் கொறி. வீடு பத்தி எரிஞ்சாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

மாற்றுப் பிட்சர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இன்னொருவரை வெள்ளிக்கிழமை மேல் லீக் எடுத்துக்கொண்டது. மீதி இருந்தது லீலண்ட் மட்டும். அவர் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையுறையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்து, எட்டு இன்னிங்ஸ் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறித்தபடி பேட்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடங்களாகச் செய்வது அதுதான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது படகோட்டிகள் 2, எதிரணி 1. பிட்சர் டேரல் ஸ்டீக்னி முதல் ஆளை நடக்கவிட்டார். டக்கெட் பந்தெறியும் மேட்டுக்குப் போய் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தார். இரண்டாவது ஆளுக்கு விழுந்த ஒரு பந்துக்காக அம்பயரோடு பெஞ்சிலிருந்தே வாய்ச்சண்டை போட்டார். அந்தச் சூட்டில் மேட்டுக்குப் போய்வந்தது அவருக்கு மறந்தே போயிற்று. அந்த ஆளும் தளம் ஏறினான், மூன்றாவது ஆளும் ஏறினான். யாரும் அவுட் ஆகவில்லை, மூன்று தளங்களிலும் ஆள். களத்தடுப்பாளர்களை முன்னால் நகர்த்தச் சொல்வதற்காக டக்கெட் வெள்ளைக் கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று மேட்டுக்கு நடந்தார்.

அம்பயர் முகமூடியைக் கழற்றினார்.

"வெர்ன், இது ரெண்டாவது."

"எது ரெண்டாவது?"

"இந்த இன்னிங்ஸ்ல ரெண்டாவது தடவை வந்திருக்கே. பிட்சர் வெளிய போகணும். விதி உனக்குத் தெரியாதா?"

டக்கெட் இருந்த இடத்திலேயே நின்றார். தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு வலது வேலியைப் பார்க்காமலே கையை மட்டும் தூக்கினார்.

லீலண்ட் மேல்கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் மடித்து வைத்தார். கை சூடேற அவருக்கு எப்போதும் நாற்பது பந்துகள் வேண்டும். விதி மேட்டில் எட்டுதான் கொடுக்கிறது. வேலிக் கதவிலிருந்து மேடு வரை அவர் நடந்த நடைக்கு 2,914 பேரில் ஒருவரும் கைதட்டவில்லை. மூன்றாம் தளத்துக்குப் பின்வரிசையில் ஆரின் ஹேகன் எழுந்து நின்றிருந்தார்.

"மன்னிச்சுடு," என்றார் டக்கெட்.

"வீடு பத்திக்கிச்சா, பாஸ்?"

"கூரை விழுந்துடுச்சு."

எட்டுப் பந்துகளையும் மெதுவாகவே எறிந்தார். வேகமாக எறியக் கையில் ஒன்றும் இல்லை. எதிரணிப் பெஞ்சில் ஒருவன், "தாத்தா, தபால்ல அனுப்பு, சீக்கிரம் வரும்!" என்று கத்தினான்.

முதல் பேட்டுக்காரனுக்கு முதல் பந்து வெளியே போயிற்று. இரண்டாவதை அவன் அவசரப்பட்டு வானத்துக்கு அடித்தான். பந்து உள்வட்டத்திலேயே இறங்கியது, பிடித்துவிட்டார்கள். ஒருவன் அவுட், தளத்தில் நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள்.

அடுத்தவன் பர்விஸ். பந்து தவறியது. அடுத்ததை வீசித் தவறவிட்டான். தவறியது. கோட்டுக்கு வெளியே அடித்தான், அதுவும் வீச்சுக் கணக்குதான். தவறியது. மூன்று தவறு, இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சும் வீணானால் அவன் அவுட். இன்னொன்று தவறினால் ஓட்டம் தானாக உள்ளே வரும், ஆட்டம் சமன். மைதானத்தில் எல்லோருக்கும் ஒன்பது வருடம் முந்தைய மாலை ஞாபகம் வந்தது. கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் மோதும் சத்தம் கேட்டது.

பேட்டுக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் டோபி க்ரால் ஓடி வந்தார். "நேரா நடுவுல போடு, லீலண்ட். அடிச்சா அடிக்கட்டும்."

"கீழ போடறேன்."

"பைத்தியமா உனக்கு? அவன் விட்டான்னா நாலாவது பந்து!"

"விட மாட்டான். ஆறாவது இன்னிங்ஸ்ல நடுவுல வந்த பந்துங்களை விட்டுட்டு, தோள்ல இருந்து பேட்டை எடுக்காமலே அவுட் ஆனான். அவங்க மேனேஜர் திட்டினது வேலி வரைக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு அவன் எதையும் விட மாட்டான்."

"சும்மா விட்டுட்டான்னா?"

லீலண்ட் பின்வரிசையை ஒரு கணம் பார்த்தார். "நாய்க்கு வேலை இருக்கும். போய் உக்காரு."

பந்து கிளம்பிய வேகத்தை அந்த ஊரில் பள்ளிப் பெண்கள்கூட எட்டியிருப்பார்கள். அது நடுவில்தான் போனது. கடைசி ஆறடியில், யாரோ நூல் பிடித்து இழுத்ததுபோல் தாழ்ந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, 1971-இல் போன அதே இடத்துக்கு. அன்று ஊரே பார்த்து வெட்கப்பட்ட பந்தை, பழுதாகிப்போன கையால், தெரிந்தே மறுபடி எறிந்தார் அந்த மனிதர்.

பர்விஸ் விடவில்லை. பேட்டின் முனையில் பட்டு, பந்து தரையில் இரண்டு முறை குதித்து லீலண்டின் கையுறைக்குள்ளேயே வந்து விழுந்தது. அவர் ஓட்டம் முடியும் ஹோம் தளத்தில் நின்ற டோபிக்கு எறிந்தார். டோபி முதல் தளத்துக்கு எறிந்தார். இரண்டு பேர் அவுட், முன்னவனோடு சேர்த்து மூன்று பேர், ஆட்டம் முடிந்தது. புத்தகத்தில் ஆட்டக்காரர்களுக்கு எண்தான்: பிட்சர் ஒன்று, கேட்சர் இரண்டு, முதல் தளக்காரர் மூன்று. ஆட்டப் புத்தகத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருப்பது 1-2-3 மட்டுமே. பழக எட்டுப் பந்து, ஆட எட்டுப் பந்து. அவர் மேட்டுக்கு வந்த பத்தொன்பதாவது நிமிடத்தில் கொடிக்கம்பத்தில் கொடி ஏறியது. சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டதாக அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். லீலண்ட் மட்டும் முதல் தளத்தருகே போய், வெளியேறும்போது டேரல் வீசியெறிந்து புல்லில் கிடந்த தொப்பியை எடுத்து, தூசி தட்டி அவரிடம் கொடுத்தார்.

மறுநாள் திங்கள் விடுமுறை, கடைகள் திறக்கவில்லை. செவ்வாய் காலை ஒன்பது ஐந்துக்கு லீலண்ட் ஆரின் கடை வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றார். முன்னால் நின்ற நான்கு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் போகவில்லை. தன் முறை வரும்வரை நின்றார்.

"என்ன வேணும், லீலண்ட்?"

"நாலு பன்றித் துண்டு."

ஆரின் கத்தியை எடுத்தார். ஒன்று வெட்டினார், இரண்டு, மூன்று. நான்காவதை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பிப் பார்த்து, ஓரத்தில் இருந்த கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு, மற்ற மூன்றின் மேல் வைத்தார். காகிதத்தை மடித்து நூல் கட்டினார்.

"நாய்க்கு?" என்று கேட்டார்.

"அது எலும்பு தின்னட்டும்," என்றார் லீலண்ட். இடது கையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வலது கை இன்னும் தூக்க வரவில்லை.