பத்துக்கு நாலு டேனி

1. முதல் ஞாயிறு

படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மெல்போர்னில் ஒரு பேஸ்பால் கிளப்பில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதே நகரின் கிளேட்டனில் புள்ளியியல் படித்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் பேஸ்பாலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. ஸ்கோர்போர்டுதான் என் வேலை.

முதல் ஆட்டத்திலேயே என் படிப்பு முழுவதையும் போர்டில் ஏற்றினேன். ஒவ்வொரு பேட்டரின் பெயருக்குக் கீழும் பேஸைச் சேரும் விகிதம் ஆன்-பேஸ், அடியின் வலு ஸ்லக்கிங் என்று வரிசையாகத் தசம எண்கள். பியரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, போர்டை இயக்கும் என் கண்ணாடி அறையைப் பார்த்துக் கத்தினார். இதில் அந்த பேட்டருடைய போன் நம்பர் எது என்று கேட்டார். கேலரியே சிரித்தது.

கிளப் மேனேஜர் பிரையன் அன்று ஆங்கிலத்தில் சொன்னது எங்கள் தமிழில் இப்படி வரும்: "வசந்தி, சனம் கத்திறதுக்கு வருது. நீ சோதினை வைக்கிறாய். அடுத்த ஞாயிறும் இப்பிடியெண்டால் போர்டில பேரும் ஸ்கோரும் மட்டும்தான். அதுக்கு நீ தேவையில்லை."

2. ஒரே ஒரு எண்

ஒரு வாரம் யோசித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆளுக்கு ஒரே ஓர் எண் வைத்தேன். பத்துத் தடவை மட்டையோடு வந்தால் எத்தனை தடவை அவுட் ஆகாமல், ஓடித் தொட வேண்டிய பேஸுக்குப் போய்ச் சேர்வார் என்பது மட்டும். இலவச டிக்கெட் கொடுத்து, எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் நோபிள் பார்க்கிலிருந்து, எனக்குத் தெரிந்த யோகம் அன்ரியையும் அவருடைய கூட்டத்தையும் வரவழைத்தேன். எல்லோரும் கிரிக்கெட் வெறியர்கள். பேஸ்பால் தெரியாது. கத்தத் தெரியும்.

எங்கள் அணியில் டேனி என்றொரு பருத்த கேட்சர், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி, இருந்தார். அடிக்கவே மாட்டார். அவர் மட்டையோடு வந்தால் சனம் பியர் வாங்க எழுந்து போகும். அவர் பெயருக்குக் கீழே போர்டில் "பத்துக்கு நாலு" என்று வந்தது. அணியிலேயே அதுதான் பெரிய எண். போர்டு பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

டேனி வந்து நின்றார். எட்டாத பந்துகள் நான்கை அடிக்காமல் விட்டார். அப்படி விட்டால் முதல் பேஸ் இலவசம். ஆடி அசைந்து நடந்து போனார்.

யோகம் அன்ரி துள்ளி எழுந்தார். "எடி பிள்ளையள், உவன் அடிக்கவே தேவையில்லை! விட்டாலே காணும்!"

அதன் பிறகு டேனி வந்தபோதெல்லாம் அன்ரியின் கூட்டம் "விடு! விடு!" என்று கத்தியது. பக்கத்து வரிசை வெள்ளையர்கள் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். பியர் வாங்கப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்கள்.

3. கடைசிப் பந்து

அன்றைய ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். இரு அணியும் சமம். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். டேனி ஏற்கெனவே மூன்று கெட்ட பந்துகளையும் இரண்டு நல்ல பந்துகளையும் விட்டிருந்தார். டேனி இன்னும் ஒரு கெட்ட பந்தை விட்டால் அவருக்கு முதல் பேஸ், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னே நகர எங்களுக்கு ஒரு ரன், வெற்றி. மூன்றாவது நல்ல பந்தையும் விட்டால் அவுட். மைதானம் முழுவதும் எழுந்து நின்று "வீடூ! வீடூ!" என்றது. நான் கதிரையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். பிரையனும் கத்தினார்.

பந்து வந்தது. காதுக்கு மேலே போன பந்து. குழந்தையும் விட்டிருக்கும்.

டேனி அடித்தார்!

மட்டையின் நுனியில் பட்டு, பந்து சோம்பலாக உருண்டது. அதை எடுக்க ஓடிய இருவர் மோதி விழுந்தார்கள். மூன்றாவது பேஸிலிருந்த எங்கள் ஆள் ஓடி முடித்தார். வென்றோம். தெரியாதவர்கள் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள்.

யோகம் அன்ரிக்கு மட்டும் கோபம். வேலியருகே வந்த டேனியை மறித்து, "வை யூ அடிச்ச?" என்று கேட்டார்.

கேள்வி டேனிக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்திருந்தது. தனக்காக இதுவரை ஒருவரும் எழுந்து நின்றதில்லை, இவ்வளவு பேர் நிற்கும்போது எப்படிச் சும்மா நிற்பது என்றார்.

அன்ரி மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார். சொன்னேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லி, கொண்டுவந்த கட்லட்டில் இரண்டை டேனியின் கையில் வைத்தார்.

என் வேலை தப்பியது. விளையாட்டுப் புள்ளிவிவரத் துறைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: சனத்துக்கு ஓர் எண்ணைக் கொடுங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று அது காட்டட்டும். பிறகு போர்டை விட்டுக் கண்ணை எடுத்து, நீங்களும் ஆளைப் பாருங்கள்.