ஏழாவது நெல்

ஜெர்மனியில் எங்கள் சமையலறையில் குப்பைக்கு நான்கு கூடைகள். காகிதம், பிளாஸ்டிக், காய்கறித் தோல், மற்றவை. வந்து பன்னிரண்டு வருடமாகியும் தேயிலைப் பையை எதில் போடுவது என்று யோசித்துத்தான் நிற்பேன். போன ஜூலையில் என் கையில் இருந்தது ஏழு நெல். அதற்கு நான்கில் ஒன்றும் பொருந்தவில்லை.

மகள் யாழினி பயிர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். துவைக்கும் முன் அவளுடைய ஜீன்ஸின் கால் மடிப்பை உதறியபோது விழுந்த நெல் அது. எங்கள் ஊர் மீன்சுருட்டியில், களத்தில் நெல்லை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. தயிர் டப்பாவில் மண் நிரப்பி, ஊன்றி, பால்கனியில் வைத்தேன். பத்து நாளில் ஆறு முளைத்தன. பெருமையாக மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் ஜீன்ஸிலிருந்து விழுந்தது என்றதும் டப்பாவைச் சட்டென்று உள்ளே எடுத்து வைத்தாள். "அப்பா, இது எங்க லேபு நெல்லுப்பா. ஜீன்ல, அதான் மரபணுவுல, திருத்தம் செஞ்சது. கண்ணாடிக் கூடத்தை விட்டு வெளிய வரவே கூடாது. அடுத்த மாசம் எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்."

"வேற எதையாவது உள்ள சேத்திருக்கீங்களா?"

"இல்ல. அதுல இருந்ததையே ஒரு இடத்துல வெட்டியிருக்கோம், அவ்வளவுதான். வயல்ல தானாவும் நடக்கக்கூடிய மாத்தம்தான்."

"அப்புறம் என்ன தப்பு?"

"என்ன மாறுச்சுன்னு இந்த ஊர்ச் சட்டம் கேக்காதுப்பா. எப்படி மாத்துனேன்னு கேக்கும்."

மறைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. அவள் உடனே ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டாள். மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி வந்தார், உயரமான பெண்மணி. ஆறு நாற்றையும் இரட்டைப் பையில் போட்டுவிட்டு, "ஏழாவது?" என்றார். டீ வடிகட்டியால் நானும் அவரும் தரையில் உட்கார்ந்து மண்ணைச் சலித்தோம். கடைசிப் பிடி மண்ணில் அது அழுகிக் கிடந்தது.

"சமைத்துச் சாப்பிடவா வளர்த்தீர்கள்?"

ஏழு நெல்லைச் சமைக்கிறவன் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "இல்லை, கீழே கிடந்தது" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஊரில் இருக்கும் தம்பியிடம் போனில் சொன்னபோது சிரித்தான். "ஏழு நெல்லுக்கு ஆபீசரா? அண்ணே, இங்க அந்த மாதிரி நெல்லு ரெண்டு ரகம் வந்துடுச்சுன்னு டிவியிலயே சொல்லிட்டாங்க. நீ என்னமோ கஞ்சா வளத்தவன் மாதிரி நடுங்குற!"

அதற்குப் பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன். ஜப்பானில் அரசுக்குத் தெரிவித்துவிட்டு இவ்வகைத் தக்காளியே விற்கிறார்களாம். நம் நாட்டில், வேறு உயிரின் ஜீன் இல்லை என்று உயிரியல் பாதுகாப்புக் குழு உறுதிசெய்தால், மரபணு மாற்றப் பயிர்களுக்கான பழைய கெடுபிடிகளிலிருந்து விலக்கு. ஐரோப்பாவிலும் விதியைத் தளர்த்தப்போகிறார்களாம். ஒரே வகை நெல் ஓரிடத்தில் செய்தி, ஓரிடத்தில் குற்றம். இது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

யாழினிக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. தானே சொன்னதால் வேலை தப்பியது.

தைக்கு ஊர் போய்த் தம்பி வயலில் அறுவடை பார்த்துத் திரும்பினேன். நேற்று என் துணியையும் அவள் துணியையும் ஒன்றாகத் துவைத்து எடுத்தபோது, இயந்திரத்தின் ரப்பர் வளையத்தில் ஒரு நெல் ஒட்டியிருந்தது. மீன்சுருட்டியிலிருந்து வந்ததா, கண்ணாடிக் கூடத்திலிருந்து வந்ததா? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெல்லாகத்தான் இருந்தது. கூடையிலும் போடவில்லை, மண்ணிலும் ஊன்றவில்லை. யாழினி வரும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றிருந்தேன்.