சந்தனம் பூசிய டிஸ்க்

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் அவர். பென்சில்போலக் காதில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தார். துபாயிலிருந்த என் கணவர் அதுவரை நேரில் பார்த்திராத எங்கள் மகளின் படங்களெல்லாம் வீட்டுச் சர்வர் பெட்டியில்தான் இருந்தன. ஆயுத பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டபோது அது ஓடவில்லை; அவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“என்ன தங்கச்சி, ஹார்ட் டிஸ்க்குக்குச் சந்தனக்காப்பா?” என்று சிரித்தார். “ஈரம் போர்டுல இறங்கிருச்சு. சரி, இன்னொரு டிஸ்க்குல காப்பி இருக்குமே?”

“அதுக்கும் வச்சிட்டேண்ணே. ஒண்ணுக்கு மட்டும் எப்படி வைக்கிறது?”

அவர் சிரிப்பு நின்றது. துடைத்து மாட்டியும் முதல் டிஸ்க் சுழலவில்லை. குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாவதை மாட்டுமுன், என்னைக் கேலி செய்த அதே மனிதர் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அதுவும் சுழலவில்லை. முன்பின் தெரியாத எனக்காக அப்படி வேண்டிக்கொள்ள அவருக்கு எப்படித் தோன்றியது என்று இன்னும் யோசிக்கிறேன்.