பாரிஸில் நான் மறைத்த அட்டை

உள்ளங்கையளவு அட்டை அது. நெகிழித்தாள் ஒட்டி, மூலையில் துளையிட்டுக் கறுப்புக் கயிறு கோத்திருந்தது. கோதுமை, பார்லி எது கலந்தாலும் தம் உடம்பு தாங்காது, தயவுசெய்து கலவாத உணவு தரவேண்டும் என்று பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது. திண்டிவனத்தை அடுத்து மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடும் என் சம்பந்தியின் அட்டை. கோதுமையிலுள்ள குளூட்டன் அவர் குடலுக்கு ஆகாது என மருத்துவர்கள் சொல்லிவிட்டதால், பாரிஸிலுள்ள மகன் வீட்டுக்கு என்னோடு புறப்படுமுன் புதுச்சேரியில் எழுதி வாங்கியிருந்தார். அந்த மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன்.

எந்த உணவகத்தில் அமர்ந்தாலும் அவர் முதலில் அட்டையை நீட்டுவார். பரிமாறுபவர் படித்துவிட்டு உள்ளே போய்ச் சமையற்காரரைக் கேட்டு வருவார். யாரும் அவரைக் குறைவாகப் பார்த்ததில்லை. நான்தான் பார்த்தேன். விழுப்புரம் சந்திப்பில் ரயிலேறி, பயணிகளின் மடியில் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுக் காசுக்குக் கைநீட்டுவோர் என் நினைவுக்கு வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வரலாறு கற்பித்த எனக்கு, அந்த மேசையில் உடன் அமர்வதே கூச்சமாக இருந்தது.

ஒரு பகல் நாங்கள் இருவர் மட்டும் உலாவப் போனோம். தமிழர் கடைகள் நிறைந்த தெருவில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்ததும், கல்லாவில் இருந்தவர் "சார்" என்று எழுந்து நின்றார். என் பழைய மாணவர். சம்பந்தியின் கை அட்டையைத் தேடியது. மாணவரின் கண்ணெதிரே அது வெளிப்படுவதை நான் விரும்பவில்லை. அவர் கையை மெல்ல அழுத்தினேன். "நம்ம சாப்பாடுதானே சம்பந்தி. அரிசி, பருப்பு. இதுல கோதுமைக்கு என்ன வேலைங்க?"

சற்றே தயங்கினார். "படிச்சவங்க நீங்க சொன்னா சரிதாங்க" என்று அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். "வெளியில எதனா சாப்ட்டீங்களா நைனா?" என்று மருமகன் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார்.

"காப்பி மட்டுந்தான் குடிச்சோம்" என்றேன்.

அந்தப் பொய்க்குப் பிறகு பழி போக வேறிடம் இல்லை. காலையில் குழந்தைக்குச் சப்பாத்தியும் மாமனாருக்குத் தோசையும் சுட்டிருந்தாள் என் மகள். "எத்தினி வாட்டி சொல்றது? ஜல்தில ரெண்டுத்தையும் ஒரே கல்லுல போட்டிருப்ப" என்றார் மருமகன். தனிக் கல் என்று அவள் முதலில் வாதாடினாள். மறுநாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமனாருக்கு எதையெல்லாம் விலக்குவாள் என்று நான் பொதுப்படையாகக் கேட்டேன். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதால், அவருக்கு வைக்கும் ரசத்தில் பெருங்காயமே போடுவதில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஊர் திரும்பியபின், சென்ற வாரம் மகள் குழந்தையோடு விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பகலுணவுக்குச் சம்பந்தியை அழைத்திருந்தோம். பாத்திரங்களையெல்லாம் இரண்டிரண்டு முறை கழுவிய பிறகே அவள் அடுப்பேற்றினாள். "ஒரு வாட்டி கெட்ட பேரு வாங்கினது போதும்பா" என்றாள்.

சாப்பாடு முடிந்து அவரை வழியனுப்ப ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கையில், சம்பந்தி என் முகத்தைப் பாராமலே பேசினார். "நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்தாப்பல ஆவும்னு இருந்துட்டேங்க. அந்தப் பொண்ணு சட்டியத் தேச்சிக்கினே கெடக்குது. பாக்க முடியல சம்பந்தி."

வீடு திரும்பியபோது மகள் குழாயடியில் நின்றிருந்தாள். உணவகம், அட்டை, ரசம், என் பொய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் குழாயை மூடினாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"எங்கிட்ட எதுக்குப்பா சொல்றீங்க?" என்றாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துக் கணவரின் எண்ணை அழுத்தினாள். "அப்பா பேசணுமாம்" என்று என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். எத்தனையோ மேடைகளில் குறிப்பின்றிப் பேசியவன் நான். கைபேசியைக் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க மாமா" என்றார் மருமகன்.